லெஃப்ளோர் கவுண்டியில் ஒரு சாவு: ராபர்ட் ஜான்சனின் இறப்புச் சான்றிதழ்

அமெரிக்காவில் குடும்ப வரலாறு தேட ஆரம்பிக்கிற யாருமே முதல் வாரத்தில் கேட்கிற கேள்வி, "இன்ன கவுண்டியின் இறப்புப் பதிவுகள் எங்கே கிடைக்கும்?" என்பதுதான் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போல மாநிலத்துக்குள் ஒரு நிர்வாகப் பிரிவு). நியாயமான கேள்விதான், ஆனால் அதற்குள் இரண்டு அனுமானங்கள் ஒளிந்திருக்கின்றன. அந்த ஆள் அந்தக் கவுண்டியில்தான் இறந்தார் என்பது ஒன்று. கவுண்டியில் இறந்தால் காகிதமும் கவுண்டியில்தான் இருக்கும் என்பது இன்னொன்று. இரண்டுமே பொய்யாகிப் போகலாம். இதைப் பொதுவாகச் சொன்னால் யாருக்கும் மண்டையில் ஏறுவதில்லை, அதனால் ஒரே ஒரு ஆளை எடுத்துக்கொண்டு அவர் காகிதங்களின் பின்னாலேயே போய்ப் பார்க்கலாம்.

ஆள் ராபர்ட் ஜான்சன். மிசிசிப்பி டெல்டாவின் ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை) பாடகர், கிட்டார்க்காரர். 1936 நவம்பரில் சான் அன்டோனியோவிலும் 1937 ஜூனில் டல்லாஸிலும் ஒலிப்பதிவு செய்தார், மொத்தம் 29 பாட்டுகள், அவ்வளவுதான். 1938 டிசம்பரில் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் ஒரு கச்சேரிக்கு ஜான் ஹாமண்ட் என்கிற தயாரிப்பாளர் இவரைத் தேடச் சொன்னபோது, ஆள் செத்துப்போய்விட்டார் என்று பதில் வந்தது. எங்கே, எப்போது, எதனால் என்று ஒழுங்காகச் சொல்ல ஆள் இல்லை. 1961இல் அவருடைய பழைய இசைத்தட்டுகள் எல்.பி.யாக மறுபடி வெளிவந்து பெயர் பரவிய பிறகும் நிலைமை அதேதான். ரெக்கார்டிங் முடிந்த கையோடு டெக்சாஸிலேயே விஷம் வைத்துக் கொன்றார்கள் என்றது ஒரு கூட்டம். மிசிசிப்பியில் ஒரு பொறாமைக்காரக் கணவன் விஸ்கியில் எதையோ கலந்துவிட்டான் என்றது இன்னொன்று. கத்திக்குத்து என்றவர்களும் உண்டு, என் மடியில்தான் உயிர் போனது என்று சொல்லிக்கொண்ட இசைக்காரரும் உண்டு.

வம்சாவளி தேடுகிற கண்ணோடு இதைப் பார்த்தால் உங்கள் கொள்ளுத்தாத்தா கதைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பெயர் தெரியும், தோராயமாக வருடம் தெரியும், சாவைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகச் சொல்கிறார்கள், கையில் காகிதம் மட்டும் இல்லை.

பெயர் ஒரு தொல்லை, ஊர் இன்னொரு தொல்லை

ராபர்ட் ஜான்சன் என்ற பெயரில் தெற்கு மாநிலங்களில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நினைத்தாலே தலை சுற்றும். அதிலும் இவர் எப்போதும் அந்தப் பெயரில் இருந்தவர் இல்லை. தாய் ஜூலியாவின் கணவர் சார்ல்ஸ் டாட்ஸ் என்பவர், நிலக்காரர்களோடு தகராறாகி ஊரைவிட்டு ஓடி, மெம்ஃபிஸில் ஸ்பென்சர் என்று பெயரை மாற்றிக்கொண்டவர். ராபர்ட் பிறந்தது நோவா ஜான்சன் என்ற இன்னொருவருக்கு. அதனால் சிறுவனாக மெம்ஃபிஸில் இருந்தபோது ராபர்ட் ஸ்பென்சர். அப்புறம் தாயின் அடுத்த கணவரோடு வாழ்ந்த காலத்தில், அந்த மனிதரின் பட்டப்பெயரை ஒட்டி, லிட்டில் ராபர்ட் டஸ்டி. தன் தகப்பன் யார் என்று தெரிந்த பிறகுதான் ஜான்சன். இது எதுவும் தெரியாமல் "ஜான்சன்" என்று மட்டும் போட்டுத் தேடுகிறவருக்கு இவருடைய முதல் இருபது வருட வாழ்க்கையில் முக்கால்வாசி கண்ணிலேயே படாது.

ஊர்களும் அப்படித்தான். பிறந்தது மிசிசிப்பியின் தெற்கே கோப்பியா கவுண்டியில், ஹேஸில்ஹர்ஸ்டில். 1920 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடும்பம் இருப்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஆர்கன்சா மாநிலத்தின் கிரிட்டெண்டன் கவுண்டியில். 1929 பிப்ரவரியில் முதல் திருமணம், டூனிக்கா கவுண்டி. அந்தப் பெண் அடுத்த ஆண்டே பிரசவத்தில் இறந்துபோனாள். 1931 மே மாதம் இரண்டாவது திருமணம், மறுபடியும் கோப்பியா. ஒரே ஆள், முப்பது வயதுகூட ஆகவில்லை, ஆனால் காகிதம் இரண்டு மாநிலங்களில் சிதறிக் கிடக்கிறது. எந்தக் கவுண்டியில் போய் இறப்புப் பதிவு கேட்பீர்கள்? பிறந்த ஊரிலா, கல்யாணம் செய்த ஊரிலா, கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அலைந்த ஊர்களிலா?

தேடியவர் கெய்ல் டீன் வார்ட்லோ. மிசிசிப்பியிலேயே வளர்ந்த வெள்ளைக்கார இளைஞர், கறுப்பின மக்களின் குடியிருப்புகளில் வீடுவீடாகப் போய்ப் பழைய இசைத்தட்டு வாங்குகிறவர். தட்டு வாங்கப் போன இடத்தில் பேச்சுக்கொடுத்துப் பேச்சுக்கொடுத்து பாடகர்களின் வாழ்க்கை விவரங்களைச் சேர்க்க ஆரம்பித்தார். மற்ற ப்ளூஸ் ஆர்வலர்கள் நேர்காணலையே நம்பிக்கொண்டிருந்த காலத்தில் இவர் அரசு அலுவலகக் காகிதத்தைத் தேடிப் போனார் என்பதுதான் விசேஷம். டெல்டாவின் மூத்த பாடகர் சார்லி பேட்டனின் சாவும் அப்படித்தான் தெளிவானது. பேட்டன் 1934 ஏப்ரல் 28 அன்று சன்ஃப்ளவர் கவுண்டியில், இண்டியனோலாவுக்கு அருகே ஒரு பருத்தித் தோட்டத்தில் இறந்தார், இதய வால்வுக் கோளாறு என்கிறது சான்றிதழ். அந்தச் சாவு பத்திரிகையில்கூட வரவில்லை. கூடவே வாழ்ந்து கூடவே பாடிய மனைவியின் பெயர் சான்றிதழில் இல்லை, யாரோ ஒருவர் தகவல் தந்திருக்கிறார்.

காகிதம் எங்கே இருந்தது

மிசிசிப்பி மாநிலம் இறப்புகளைப் பதிவு செய்ய ஆரம்பித்தது 1912 நவம்பரில். அதற்கு முன்னால் அங்கே ஒழுங்கான இறப்புச் சான்றிதழ் என்ற ஒன்றே கிடையாது. ஆரம்பித்த பிறகும் சான்றிதழ் கவுண்டி நீதிமன்றத்தில் தங்குவதில்லை. உள்ளூர்ப் பதிவாளர் நிரப்பி, தலைநகரமான ஜாக்சனுக்கு, சுகாதாரத் துறையின் பதிவு அலுவலகத்துக்கு அனுப்புவார். கவுண்டி என்பது அந்தப் படிவத்தில் ஒரு கட்டம், அவ்வளவுதான். லெஃப்ளோர் கவுண்டியின் தலைமையிடமான கிரீன்வுட்டுக்கு நேராகப் போய்க் கேட்டிருந்தால் அங்கே உயில் வழக்கும் நிலப்பத்திரமும் கிடைக்கும், திருமணப் பதிவு கிடைக்கும், இறப்புச் சான்றிதழ் கிடைக்காது.

இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், இங்கேதான் புதிதாக வருகிறவர்கள் அதிகம் அடிபடுகிறார்கள். ஒஹையோவில் 1867 முதல் 1908 டிசம்பர் வரை இறப்புப் பதிவேடு கவுண்டியின் உயில் நீதிமன்றத்தில் இருக்கிறது, அதற்குப் பிறகு மாநிலத்திடம். பென்சில்வேனியாவில் 1893இலிருந்து 1905 வரை கவுண்டி, 1906இலிருந்து மாநிலம். மிசூரியில் 1910 முதலான சான்றிதழ்கள், ஐம்பது வருடம் தாண்டியவை, படமாகவே இலவசமாக இணையத்தில் கிடைக்கின்றன (மற்ற மாநிலங்கள் இதைப் பார்த்தாவது கற்றுக்கொள்ளலாம்). மாசசூசெட்ஸ் பக்கம் போனால் கவுண்டி என்ற பேச்சே வேண்டாம், அங்கே நகர எழுத்தர்தான் எல்லாம். 1933இல் டெக்சாஸ் சேர்ந்தபோதுதான் நாட்டின் எல்லா மாநிலங்களும் கூட்டாட்சி அரசின் இறப்புப் பதிவு வளையத்துக்குள் வந்தன. அதனால் "கவுண்டி இறப்புப் பதிவு" என்று தேடுவதற்கு முன்னால் அந்த மாநிலம் எந்த வருடத்தில் தொடங்கியது, யாரிடம் கொடுத்து வைத்தது என்ற இரண்டை மட்டும் பார்த்துவிடுங்கள், பாதி அலைச்சல் மிச்சம்.

வார்ட்லோவுக்குச் சான்றிதழ் கிடைத்தது 1968இல். ராபர்ட் எல். ஜான்சன், இறந்த நாள் 1938 ஆகஸ்ட் 16, லெஃப்ளோர் கவுண்டி, கிரீன்வுட்டுக்கு வெளியே. வயது 26. பிறந்த ஊர் ஹேஸில்ஹர்ஸ்ட், தகப்பன் நோவா ஜான்சன், தாய் ஜூலியா. தொழில் இசைக்கலைஞர், பத்து வருட அனுபவம். மறுநாள் அடக்கம், இடம் "சயோன் சர்ச்". இறப்பின் காரணம் எழுத வேண்டிய இடத்தில் இரண்டே வார்த்தை: "டாக்டர் இல்லை".

டெக்சாஸ் கதை அந்த நிமிடமே முடிந்தது. ஒரு சான்றிதழ் நன்றாகச் செய்யும் வேலை இதுதான், எங்கே எப்போது என்பதை ஊர்வாயிலிருந்து பிடுங்கித் தரும்.

தப்பான இடத்தில் தேடினால் எவ்வளவு காலம் போகும் என்பதற்கு அதே உலகத்திலிருந்து இன்னொரு ஆளைச் சொல்ல வேண்டும். பிளைண்ட் பிளேக், 1920களில் தட்டுகள் விற்றுத் தள்ளிய கிட்டார் மேதை. புளோரிடாக்காரர் என்றே எல்லோரும் நம்பியதால் தேடலும் தெற்கிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. சான்றிதழ் வெளிச்சத்துக்கு வந்தது 2011இல், இறந்து எழுபத்தேழு வருடம் கழித்து, விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கியில். 1934 டிசம்பர் 1, காசநோய். பிறந்த ஊர் என்று அதில் இருப்பது வர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸ். இவ்வளவுக்கும் அவர் தட்டுகளை வெளியிட்ட பாரமவுண்ட் கம்பெனி இருந்ததே மில்வாக்கிக்குப் பக்கத்தில்தான். ஆள் கடைசியாக எங்கே பிழைப்பு நடத்தினார் என்று கேட்காமல், எந்த ஊர்க்காரர் என்று கேட்டுக்கொண்டே இருந்ததன் விலை அது.

சான்றிதழில் எதை நம்புவது

இறப்புச் சான்றிதழில் இருக்கிற எல்லாமே ஒரே தரத்துச் செய்தி இல்லை. இறந்த நாள், இடம், அடக்கம் செய்த நாள் ஆகியவை அந்த வாரத்திலேயே, பார்த்தவர்கள் சொல்லி எழுதியவை. வயது, பிறந்த ஊர், பெற்றோர் பெயர் எல்லாம் செத்தவருக்குத் தெரிந்திருந்து, அவர் எப்போதோ யாரிடமோ சொல்லி, அந்த யாரோ ஞாபகம் வைத்திருந்து பதிவாளரிடம் சொன்னவை. படிவத்தில் "தகவல் தந்தவர்" என்று ஒரு கட்டம் இருக்கும். முதலில் அதைத்தான் படிக்க வேண்டும். பெற்ற தாயா, பக்கத்து வீட்டுக்காரரா, சவ அடக்கக் கடைக்காரரா என்பதைப் பொறுத்து மற்ற கட்டங்களின் மதிப்பு ஏறும் இறங்கும்.

ஜான்சன் விஷயத்தில் தகவல் தந்த ஆளுக்குப் பெற்றோர் பெயரும் சொந்த ஊரும் சரியாகத் தெரிந்திருக்கிறது, ஆச்சரியம்தான். வயதில்தான் இடிக்கிறது. குடும்பத்தார் சொல்லிப் புழக்கத்தில் இருக்கும் பிறந்த தேதி 1911 மே 8, அப்படியானால் இறக்கும்போது 27. மற்ற காகிதங்களை வைத்துக் கணக்குப் போட்டால் 1909 முதல் 1912 வரை எங்கே வேண்டுமானாலும் வருகிறது. பிறப்புப் பதிவே தொடங்காத காலத்தில் பிறந்தவர், எந்தக் காகிதத்தை வைத்து எதைத் திருத்துவது? நான் இந்த மாதிரி இடங்களில் ஒரு வருடத்தைத் தேர்ந்தெடுத்து வம்சாவளி மரத்தில் எழுதுவதில்லை, எந்தக் காகிதம் எந்த வயது சொல்கிறது என்று அப்படியே வரிசையாகக் குறித்து வைத்துவிடுவேன். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

பின்பக்கம்

இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 1968இல் கிடைத்தது சான்றிதழின் முன்பக்கம். காரணம் இல்லை, டாக்டர் இல்லை, அத்துடன் கதை முடிந்தது என்று உலகமே முப்பது வருடம் நினைத்துக்கொண்டிருந்தது. 1990களில்தான் அந்தக் காகிதத்துக்கு ஒரு பின்பக்கம் இருப்பதும் அதில் எழுத்து இருப்பதும் வார்ட்லோவின் கைக்கு வந்தன.

நடந்தது என்னவென்றால், காரணம் காலியாக இருந்ததை மாநில அலுவலகம் கேட்டிருக்கிறது, லெஃப்ளோர் கவுண்டிப் பதிவாளர் விசாரித்துவிட்டுப் பின்பக்கத்தில் குறிப்பு எழுதியிருக்கிறார். அதன் சாரம் இது: செத்தது யாருடைய இடத்திலோ அந்த வெள்ளைக்காரரிடமும், அங்கே இருந்த ஒரு கறுப்பினப் பெண்ணிடமும் பேசினேன். தோட்டக்காரர், அதாவது அந்த நிலத்தின் சொந்தக்காரர், சொன்னபடி, ஆளுக்கு 26 வயது இருக்கும், சாவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு டூனிக்காவிலிருந்து வந்தான், தோட்டத்தில் நடந்த ஒரு நடன ராத்திரியில் பாஞ்சோ வாசிப்பதற்காக. பருத்தி எடுக்கப் போவதாகச் சொல்லி அங்கிருந்தவர்களோடு தங்கினான். தன்னிடம் வேலை செய்தவன் இல்லை என்பதால் தோட்டக்காரர் டாக்டரை அழைக்கவில்லை. கவுண்டி கொடுத்த, வீட்டிலேயே செய்த பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள். மேகநோயால் (சிபிலிஸ்) செத்திருப்பான் என்பது தோட்டக்காரரின் அபிப்பிராயம்.

என்னிடம் வேலை செய்யவில்லை, அதனால் டாக்டரை அழைக்கவில்லை. 1938இன் மிசிசிப்பியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினாலும் இந்த ஒரு வரியை மிஞ்ச முடியாது. ஆராய்ச்சிக்காரனாக நிதானமாகப் படித்தாலும் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்றுதான் போக வேண்டியிருக்கிறது.

சரி, குறிப்புக்கு வருவோம். மேகநோய் என்றது டாக்டர் இல்லை, நிலக்காரர். அதே ஆள்தான் கிட்டாரைப் பாஞ்சோ என்று சொல்லியிருக்கிறார், அதனால் செத்தவரைப் பற்றி அவருக்கு எவ்வளவு தெரிந்திருக்கும் என்று நீங்களே எடை போட்டுக்கொள்ளலாம். தன் நிலத்தில் நடந்த சாவு, அரசு அலுவலர் வந்து கேட்கிறார், விஷம் வைத்தார்கள் என்று அவராகவே சொல்வாரா? அதற்காக விஷக்கதை நிரூபணமாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது, அது கூட இருந்த இசைக்காரர்கள் பின்னாளில் சொன்னது. பிரேதப் பரிசோதனை இல்லை. இரண்டையும் இரண்டு பேரின் கூற்று என்றுதான் எழுத வேண்டும். "சாவுக்குக் காரணம் மேகநோய், ஆதாரம் இறப்புச் சான்றிதழ்" என்று யாராவது எழுதியிருப்பதைப் பார்த்தால், அவர் காகிதத்தைப் பார்க்காமல் எழுதியிருக்கிறார் என்று அர்த்தம்.

ஆனால் காரணத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் அந்தக் குறிப்பில் தேடுகிறவருக்குத் தேவையான சரக்கு நிறைய இருக்கிறது. "டூனிக்காவிலிருந்து வந்தான்" என்பது அடுத்துத் தேட வேண்டிய கவுண்டியைக் காட்டுகிறது, முதல் மனைவியின் திருமணப் பதிவு இருப்பதும் அங்கேதான். "கவுண்டி கொடுத்த பெட்டி" என்றால் யாரோ அதற்குக் கணக்கு எழுதியிருப்பார்கள். ஏழைகளின் அடக்கச் செலவு பல கவுண்டிகளில் மேற்பார்வைக் குழுவின் நடவடிக்கைக் குறிப்பேட்டில் வரும், இன்னாருக்குச் சவப்பெட்டி, இத்தனை டாலர் என்று. மாநிலப் பதிவு தொடங்குவதற்கு முந்தைய சாவுகளைத் தேடுகிறவர்கள் இந்தக் குறிப்பேடுகளை மறந்துவிடுகிறார்கள், அட்டவணை இல்லாததால் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும், அலுப்பான வேலைதான், ஆனால் உண்மையிலேயே "கவுண்டி" வைத்திருக்கும் இறப்புப் பதிவு என்றால் இதுவும் ஒன்று.

நகல் வாங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: எழுதும்போதே இரண்டு பக்கமும் வேண்டும் என்று கேளுங்கள். மைக்ரோஃபிலிம் எடுத்தவர் முன்பக்கத்தை மட்டும் எடுத்திருக்கலாம், தட்டச்சு செய்து தரும் சுருக்கச் சான்றிதழில் ஓரக்குறிப்பெல்லாம் போய்விடும். இணையத்தில் படம் கிடைத்தால் அடுத்த படத்தையும் முந்தைய படத்தையும் தட்டிப் பாருங்கள்.

"சயோன் சர்ச்" என்றால் எந்த சர்ச்

முன்பக்கத்தில் அடக்கம் செய்த இடம் "சயோன் சர்ச்" என்று மட்டும் இருக்கிறது. கிரீன்வுட்டைச் சுற்றி சயோன் என்ற பெயர் ஒட்டிய கறுப்பினத் தேவாலயங்கள் ஒன்றல்ல. விளைவு, இன்றைக்கு ராபர்ட் ஜான்சனுக்கு மூன்று கல்லறைக் கற்கள். மோர்கன் சிட்டிக்கு அருகே மவுண்ட் சயோன் தேவாலயத்தில் ஒன்று, இசைத்தட்டுக் கம்பெனியின் பணத்தில் வைத்த தூண். கீட்டோ என்ற ஊருக்கு அருகே பெய்ன் சேப்பலில் இன்னொன்று, ஒரு ராக் இசைக்குழு வைத்தது. மூன்றாவது கிரீன்வுட்டுக்கு வடக்கே லிட்டில் சயோன் தேவாலயத்தில், ஒரு பிக்கன் மரத்தடியில். 2000ஆம் ஆண்டு வாக்கில் வயதான ஒரு பெண்மணி, தன் கணவர்தான் குழி வெட்டினார், தான் அங்கே போய்ப் பார்த்தேன் என்று சொன்னதை வைத்து வந்தது மூன்றாவது. எனக்கு அதுதான் நெருக்கமாகப் படுகிறது, ஏனென்றால் அங்கே பேசியது நேரில் பார்த்தவர். ஆனால் அறுபது வருடத்துக்கு முந்தைய ஞாபகம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உங்கள் தேடலில் கல்லறைக் கல் கிடைத்தால் உடனே ஆதாரம் என்று கொண்டாட வேண்டாம். கல்லை யார் வைத்தார்கள், எப்போது வைத்தார்கள் என்று கேளுங்கள். இவருடைய மூன்று கற்களும் இறந்து ஐம்பது வருடத்துக்கு மேல் ஆன பிறகு வந்தவை.

வழக்கு திரும்பவும் அதே கவுண்டிக்கு

இறந்த இடம் எது என்பது வெறும் ஆர்வலர் சமாசாரமாக முடியவில்லை. 1990இல் அவருடைய மொத்தப் பதிவுகளும் தொகுப்பாக வந்து லட்சக்கணக்கில் விற்றன. கவுண்டி கொடுத்த பெட்டியில் புதைக்கப்பட்டவரின் சொத்துக்கு யார் வாரிசு என்ற வழக்கு வந்தது, நடந்த இடம் லெஃப்ளோர் கவுண்டியின் உயில் நீதிமன்றம். இறப்புச் சான்றிதழைத் தராத அதே கவுண்டியில் இப்போது அவருடைய வாழ்க்கையைப் பற்றிச் சாட்சி வாக்குமூலங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. சாவுக்குப் பல வருடம் கழித்து உயில் வழக்குக் கோப்பில் குடும்பமே வரிசையில் வந்து நிற்பது வம்சாவளி தேடுகிறவர்களுக்குப் பழகிய அதிர்ஷ்டம்தான், ஐம்பது வருடம் கழித்து வருவதுதான் அபூர்வம்.

கிளாட் ஜான்சன் என்ற மனிதர், 1931 டிசம்பரில் பிறந்தவர், சரளை லாரி ஓட்டிப் பிழைத்தவர், நான் அவர் மகன் என்று வந்து நின்றார். 1998இல் நீதிமன்றம் அவரை வாரிசு என்று ஏற்றது, 2000இல் மிசிசிப்பி உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. சாட்சிகள் சொன்னதோடு அவர் கையில் இருந்த காகிதம் அவருடைய பிறப்புச் சான்றிதழ். அதில் தகப்பன் பெயர் ஆர். எல். ஜான்சன் என்றும் தொழில் கூலி வேலை என்றும் இருந்தது. ஏழு வருடம் கழித்து லெஃப்ளோரில் எழுதிய காகிதத்தில் அதே கட்டத்தில் இசைக்கலைஞர் என்று இருக்கிறது.